வராதவனைக் கேட்கக் கூடாது

நாங்கள் நான்கு பேர்: ஒரு வக்கீல், ஒரு ரப்பர் தோட்டக்காரர், ஒரு ஏசி மெக்கானிக், பிறகு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிற நான். நால்வரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தக்கலையிலிருந்து குலசேகரம் பக்கமாகச் சைக்கிள் மிதிப்போம். அன்று மாலை ஏதாவது படத்துக்குப் போவோம். தமிழோ மலையாளமோ, எது ஓடுகிறதோ அது. படத்தைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசமாட்டோம். ஞாயிறு காலையில் இரண்டு பேருக்குச் சர்ச் உண்டு, மதியம் எல்லோருக்கும் தூக்கம் உண்டு. அதெல்லாம் முடிந்து, சாயங்காலம் சானல்கரையில் இருக்கிற கலுங்கில் உட்கார்ந்துதான் பேச்சு. சானல் மேல் போகிற அந்தச் சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் நாலு பேர் நெருக்கி உட்காரலாம். ஐந்தாவது ஆளுக்கு இடம் கிடையாது. நாங்கள் தேடியதும் இல்லை.

இந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு விதி. வராதவனை ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது.

அந்த விதி வந்ததற்கு நான்தான் காரணம். ஆறேழு வருடம் முன்பு வக்கீல் ஒரு மாதம் வராமல் இருந்து, பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கலுங்குக்கு வந்தார். "என்ன வக்கீலே, எங்கள மறந்தாச்சா? வீட்டுல எதாவது விசேஷமா?" என்று எல்லோர் முன்னாலும் நான் கேட்டேன். அவர் மகளுக்கு நிச்சயம் முடிந்து, மண்டபமும் சொல்லி வைத்து, கல்யாணம் நின்று போயிருந்தது. எனக்கு அது தெரியாது. அவர் எழுந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். விஷயம் தெரிந்த பிறகு மற்ற மூவரும் கூடிப் பேசி, இனிமேல் யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். அடுத்த வாரம் அவர் வந்தபோது மழையைப் பற்றிப் பேசினோம். அதுவே வழக்கமாயிற்று.

வெளியூர்க்காரர்களுக்கு இதன் அருமை புரியாது. எங்கள் ஊரில் பால் வாங்கப் போகிறவனை நிறுத்தி "எங்க போறிய?" என்று கேட்பார்கள். கையில் பால் பாத்திரம் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டேதான் கேட்பார்கள். மகனுக்கு வேலை ஆச்சா, மகளுக்கு மாப்பிள பாக்கியளா, மேலு மெலிஞ்சிட்டே, சுகர் உண்டா என்று அடுத்தடுத்து வரும். அப்படிப்பட்ட ஊரில் கேள்வியே இல்லாத ஒரு கைப்பிடிச் சுவர் எங்களுக்கு இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மெக்கானிக்கும் நானும் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். இரணியலில் அவன் வீடு. இருபது வருடம் வளைகுடாவில் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் தொங்கி நின்று ஏசி பழுதுபார்த்துவிட்டு, போதும் என்று திரும்பி வந்தவன். குறைவாகப் பேசுவான், மற்றவர்கள் பேசுவதற்கெல்லாம் சிரிப்பான். குலசேகரம் ரோட்டு ஏற்றத்தில் எங்களில் அவன்தான் முதலில் ஏறுவான். நாங்கள் நாக்குத் தள்ளி மேலே வந்து சேரும்போது அங்கே இருக்கிற சாயாக் கடையில் நாலு சாயாவுக்குச் சொல்லி வைத்திருப்பான். அவனுடைய பழம்பொரியில், அந்த நேந்திரம்பழ பஜ்ஜியில், பாதி கடை நாய்க்குப் போகும். மாதம் ஒருமுறை எங்கள் நாலு சைக்கிளின் செயினையும் துடைத்து எண்ணெய் போடுவதும் அவன்தான். யாரும் சொல்லி அவன் செய்ததில்லை.

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கலுங்கில் இருந்தபோது, யாரோ ஒருவர் பாட்டரி சைக்கிளில் காலை அசைக்காமல் எங்களைக் கடந்து மேட்டில் ஏறிப் போனார். நான் வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டேன். விசை என்றால் என்ன, வேலை என்றால் என்ன, அந்த மனிதர் செய்வது வேலையே அல்ல என்பது வரைக்கும் போனேன்.

"அது சைக்கிள் ஓட்டுகது இல்ல. அந்த ஆளு ஒரு பார்சல். பாட்டரி கொண்டு போயி எறக்கி விடும், அவ்வளவுதான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். சொன்ன நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அதை மறந்துவிட்டேன்.

ஆடி பிறந்ததும் அவன் வருவது நின்றுபோனது. முதல் சனிக்கிழமை மழை, அதனால் என்று நினைத்தோம். அடுத்த சனிக்கிழமை நல்ல வெயில். மூன்றாவது வாரம் வக்கீல் என்னைப் பார்த்தார், நான் ரப்பர்க்காரரைப் பார்த்தேன், அவர் சானலைப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை, போன் செய்யவும் இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் வாட்ஸப் குரூப்பில் மறுநாள் பார்க்கப்போகிற படத்தின் பெயரை வக்கீல் போடுவார். அவன் அதைப் பார்த்துவிட்டான் என்று நீலக் குறி விழும். பதில் வராது.

ஒரு மாதம் ஆனபோது எனக்குக் குழப்பம் பிடித்துக்கொண்டது. அவன் கோபத்தில் இருக்கிறான் என்று தோன்றியது, ஏன் என்று தெரியவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வராந்தாவில் நடந்துகொண்டே என்மேல் ஒவ்வொரு குற்றமாகக் கண்டுபிடித்தேன். அவன் மகளுக்குத் திருவனந்தபுரத்தில் குழந்தை பிறந்தபோது நான் போய்ப் பார்க்கவில்லை. அவனுக்குப் பிடித்த ஒரு படத்தை நான் சவம் என்று சொல்லியிருந்தேன். அவனுடைய பதினைந்தாம் நம்பர் ஸ்பேனர் ஒரு வருடமாக என் வீட்டில் கிடந்தது. இதில் எது என்று எனக்குப் புரியவில்லை. ஸ்பேனரைத் துடைத்துப் பையில் எடுத்து வைத்தேன். பையோடு அது மூன்று வாரம் என்னுடன் பள்ளிக்கூடத்துக்கு வந்து போயிற்று. குற்றப் பட்டியல் முடிந்ததும் அவன்மேல் கோபம் வரும். ஒரு ஸ்பேனருக்காகவா ஒருவன் இத்தனை நாள் முகம் காட்டாமல் இருப்பான் என்று, அவனே அப்படிச் சொன்னது மாதிரி, கொதித்துப்போவேன்.

அதற்கிடையே இன்னும் சில விஷயங்கள் என்னைக் குழப்பின. சாயாக் கடைக்காரர் எங்களில் ஒருவர் தும்மினாலும் காரணம் கேட்கிறவர். நாலாவது ஆள் எங்கே என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. மூன்று சாயாவை ஆற்றி வைத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றுகொள்வார். கடை நாய்க்கு நான் பழம்பொரி பிட்டுப் போட்டேன். அது மோந்து பார்த்துவிட்டு, வயிறு நிறைந்தது போலத் திரும்பிப் படுத்துக்கொண்டது. எங்கள் செயின்கள் கத்த ஆரம்பித்திருந்தன. மூன்று பேரும் போகும்போது அந்தச் சத்தத்தில் ரோட்டோரத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒருநாள் தக்கலைச் சந்தையில் மீன்காரம்மா முன்னால் மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்தேன். அவர்களிடம் கேட்டால் அது விதியை மீறியதாகுமா என்று எனக்குச் சந்தேகம். அதனால் "வீட்டுல எல்லாரும் சொகந்தானே?" என்று பொதுவாகக் கேட்டேன்.

"இருக்காவ" என்றார்கள். பிறகு மீனைப் புரட்டிக்கொண்டே, "உங்களுக்கெல்லாம் ரொம்ப வேல போல, அண்ணா" என்றார்கள்.

எனக்கு என்ன வேலை? அப்போது பள்ளிக்குக் காலாண்டு விடுமுறை. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்கள். வாங்க வந்த மீனை வாங்காமல் நான் வீட்டுக்குப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவர் என்னிடம் சாதாரணமாகச் சொன்னார்: "சாரே, உங்க கூட்டுக்காரர் மத்தியானமே வந்து பாத்துட்டுப் போயாச்சே. இப்பம் எல்லாச் சனிக்கிழமையும் மத்தியானக் காட்சிக்குத்தான் வாறாவ."

படம் முழுக்க எனக்குக் காது அடைத்துக்கொண்டது. படம் பார்க்க நேரம் இருக்கிறது, தெம்பு இருக்கிறது, நாங்கள் பார்க்கிற அதே படம், அதே நாள். எங்கள் முகத்தில் விழிக்க மட்டும்தான் ஆகாது. அந்தப் படத்தில் யார் யாரைக் கொன்றார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது.

மறுநாள் கலுங்கில் உட்கார்ந்ததும் இதைச் சொல்லிவிட்டேன். மூன்று பேர்தான் என்றாலும் நாலாவது ஆளின் இடத்தை விட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தோம்.

ரப்பர்க்காரர் எங்களில் மூத்தவர், நிதானமானவர். "அவனுக்கு ஒரு காரணம் காணும் சாரே. விதின்னா விதிதான். நமக்குப் புடிக்கல்லன்னு மாத்த முடியுமா?" என்றார்.

வக்கீல் என்னைப் பார்க்காமல் சொன்னார். "அன்னைக்கு நான் எழும்பிப் போனேன் இல்லியா. சைக்கிள உருட்டிட்டுத்தான் போனேன், ஏறி மிதிக்கல்ல. ஓர்ம இருக்கா?"

"இருக்கு."

"யாராவது பொறத்தால வருவியன்னுதான் உருட்டினேன். வளைவு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்தேன். அடுத்த வாரம் நான் வந்தது, உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிரணும்னு மனசு கெடந்து துடிச்சு, வெப்ராளப்பட்டு. நீங்க மூணு பேரும் மழையப் பத்திப் பேசினிய."

ஆறேழு வருடம் நாங்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தது அவருக்கு என்னவாக இருந்தது என்று யோசித்தேன். "பின்ன அப்பமே சொல்லிருக்கலாமே, வக்கீலே" என்றேன்.

"கேட்டாத்தானே சொல்ல முடியும்" என்றார்.

விடுமுறை முடிந்த திங்கட்கிழமை, பள்ளி விட்டதும் பைக்கை எடுத்துக்கொண்டு நேராகச் சாயாக் கடைக்குப் போனேன். சனிக்கிழமைகளில் மெக்கானிக் இந்தப் பக்கம் வருகிறானா என்று கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"எல்லாச் சனிக்கிழமையும் வாறாவ. நீங்க வாறதுக்கு அர மணிக்கூர் முந்தி. ஒரு சாயா, சீனி இல்லாம. நாய்க்கு ஒரு பழம்பொரி. நீங்க ஏறி வாற நேரமாச்சுன்னா குலசேகரம் பக்கமா எறங்கிப் போயிருவாவ. உங்களுக்குள்ள என்னவோ மனஸ்தாபம்னு நெனச்சு நான் வாயத் தெறக்கல்ல."

வரும் வழியில் எனக்குக் கோபப்படக்கூடத் தெரியவில்லை. எங்களை வேண்டாம் என்று நினைக்கிறவன் வேறு ரோட்டில் போகலாம், வேறு கடையில் குடிக்கலாம். எங்கள் வழியிலேயே, எங்களுக்கு முன்னால், எங்கள் கண்ணில் படாமல் போகிறவனை என்னவென்று எடுத்துக்கொள்வது? ஒன்று மட்டும் தெரிந்தது. அவனை இழந்துகொண்டிருக்கிறோம், இந்த வாரமும் கேட்காமல் விட்டால் முழுதாக இழந்துவிடுவோம்.

அடுத்த சனிக்கிழமை மற்ற இருவரிடமும் சொல்லாமல், ஐந்து மணிக்கே புறப்பட்டு ஏற்றத்தின் உச்சிக்குப் போய் நின்றேன். நெற்றியில் விளக்கு கட்டிய பால்வெட்டுக்காரர்கள் ரப்பர் மரங்களுக்கிடையே ஒவ்வொரு மரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கையில் ஸ்பேனர் வைத்திருந்தேன். கேட்க வந்தவன் என்று நினைக்காமல், ஸ்பேனர் கொடுக்க வந்தவன் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம்.

வெளிச்சம் வந்தபோது கீழே அவன் தெரிந்தான். அதே பழைய சைக்கிள், அதே நீலச் சட்டை. ஆள் பாதியாக இளைத்திருந்தான். அந்த ஏற்றத்தில் அவன் சீராக மேலே வந்துகொண்டிருந்தான், ஆனால் கால்கள் அசையவில்லை. பின்சக்கரத்தின் நடுவில் கறுப்பாக வட்டமாக ஒன்று இருந்தது. கேரியரில் ஒரு சின்னப் பெட்டி.

என்னைப் பார்த்தான். பார்த்ததும் மிதிக்க ஆரம்பித்தான். சக்கரத்தைச் சுழற்றுவது மோட்டார். கால்கள் சும்மா வேகமாகச் சுற்றின. தோளைத் தாழ்த்தி, வாயைத் திறந்து மூச்சுக்கூட வாங்கினான்.

பார்சல் என்று நான் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவு வெட்கமாக நான் வாழ்க்கையில் நின்றதில்லை. ஐம்பது தாண்டிய ஒரு மனிதன், என்னுடன் படித்தவன், என் கண்ணுக்காக இல்லாத பாரத்தை மிதித்துக்கொண்டு வருகிறான்.

"மிதிக்காத மக்கா" என்றேன். "காலை நிப்பாட்டு."

கிட்டே வந்து நிறுத்தினான். சிரிக்கப் பார்த்தான். "பார்சல் வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்க" என்றான்.

ஸ்பேனரைப் பற்றிச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துவிட்டது. "ஏம்லே வரல்ல?" என்று கேட்டேன். விதி போனது.

கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னான். ஆனி கடைசியில் மகள் வீட்டுக்குத் திருவனந்தபுரம் போன இடத்தில் நெஞ்சுவலி. இரண்டு இடத்தில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். சமதரையில் பையப் பைய மிதிக்கலாம், ஏற்றம் மிதிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஏசி மோட்டாருடன் இருபது வருடம் கிடந்தவன். சைக்கிளுக்கு மோட்டார் வைப்பது அவனுக்குப் பெரிய வேலையில்லை.

"நான் சொன்ன அந்தக் கூறுகெட்ட பேச்சுக்காகவா வராம இருந்த?"

"முதல்ல ரெண்டு வாரம் அதுக்குத்தான். பொறவு அது இல்ல." டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "ரெண்டு வாரம் காணல்லன்னா கேப்பிய, கேட்டா சொல்லிருவோம்னு இருந்தேன். மூணாவது வாரமும் கேக்கல்ல. கேக்காத ஆட்ககிட்ட நானா வந்து, நெஞ்சுல கம்பி வச்சிருக்குன்னு எப்பிடிச் சொல்ல?"

"விதி இருக்குல்லா மக்கா."

"விதி வச்சதுல நானும் உண்டே. அத என் பெண்டாட்டிகிட்டச் சொல்லிப் பாத்தேன். உங்களுக்கெல்லாம் கிறுக்கான்னு கேட்டா."

மத்தியானக் காட்சிக்கு ஏன் போனான் என்றும் கேட்டேன். கேட்க ஆரம்பித்த பிறகு எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அவன் நாயைத் தடவிக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னான்.

"ஏதாவது ஞாயித்துக்கிழம சட்டுன்னு கலுங்குக்கு வாலேன்னு கூப்பிட்டியன்னா, படம் பாக்காம வந்து நான் என்ன பேச? அதுக்குத்தான் எல்லாத்தையும் பாத்து வச்சேன்."

நான் சாயாவைக் குடிப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டேன். டம்ளரில் ஒன்றும் இல்லை.

ஆறே முக்காலுக்கு மற்ற இருவரும் செயின் கத்தக் கத்த ஏறி வந்தார்கள். எங்கள் இருவரையும் பார்த்ததும் ரப்பர்க்காரர் சைக்கிளைச் சாத்தவில்லை, கீழே போட்டுவிட்டார். "ஏம்லே வரல்ல இத்தன நாளும்? என்ன ஆச்சு ஒனக்கு? சொல்லு" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். விதி விதிதான் என்று சொன்ன அதே மனுஷர். வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்து மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் மறுபடி கேட்டார். கடைக்காரரும் அடுப்பை விட்டுவிட்டு வந்து, எந்த டாக்டர், என்ன மாத்திரை, எப்போது சாப்பிடுவது என்று தன் பங்குக்குக் கேட்டார். அவன் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான்.

ஸ்பேனரைக் கொடுத்தேன். இது காணாமல் போனது என்றே அவனுக்குத் தெரியாது.

யார் யாரைக் கைவிட்டது, யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை. நாங்கள் கேட்காமல் இருந்தது தப்பு. அவன் சொல்லாமல் இருந்ததும் தப்புதான் என்று ஒரு மனது சொல்லும். உடனே இன்னொரு மனது, பார்சல் என்று சொன்னவன் நீதானே என்று கேட்கும். இயற்பியலில் இதற்கு ஒரு கணக்கு இருந்தால் எப்போதோ போட்டு முடித்திருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாங்கள் மூவரும் கலுங்கில் நின்றோம். ஆறு ஐந்து ஆயிற்று. அவனைக் காணவில்லை. நான் போனை எடுத்து அவனை அழைத்தேன். அவன் வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. இந்த நேரத்தில் யாருடன் பேசுகிறான், ஆஸ்பத்திரியோ என்று பயந்தேன். திரும்பிப் பார்த்தால் வக்கீலும் காதில் போனை வைத்து முகம் வெளிறி நின்றார். ரப்பர்க்காரர் காதிலும் போன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

வளைவில் அவன் வந்தான். காலை அசைக்காமல் சவுகரியமாக உட்கார்ந்து வந்தான். சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கிட்டே வந்து பிரேக் பிடித்தும் அவன் அதை எடுக்கவில்லை.

"எடுக்கக் கூடாதாலே? மனுசன் இங்க பதறிட்டு நிக்கேன்" என்று நான் கத்தினேன்.

அவன் பையின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"அடிக்கட்டும்லே" என்றான். "இதக் கேட்டு எவ்வளவு நாளாச்சு."